பதின்மூன்று புள்ளி எட்டு

"பதிமூணா? அய்யய்யோ! பக்கத்துல யாரு இருக்கா? முதல்ல அவன் வாயில ரெண்டு ஸ்பூன் சீனியப் போடச் சொல்லு!"

பட்டுக்கோட்டையிலிருந்து அக்கா போட்ட சத்தம் இது. போனைப் பிடித்திருந்தது என் மகள். நான் மருத்துவமனையில், இதயப் பிரிவில், நெஞ்சு முழுக்க ஒயரோடு படுத்திருந்தேன். மாரடைப்பு வந்து, பலூன் விட்டு, ஸ்டென்ட் வைத்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. "சர்க்கரை எவ்வளவு இருந்துச்சாம்?" என்று அக்கா கேட்க, மகள் 13.8 என்று சொல்லிவிட்டாள். ஊரில் சர்க்கரை என்றால் 110, 140, 200. பதிமூன்று என்றால் ஆளைக் கீழே இறக்கிப் போட்டிருக்க வேண்டும்.

இங்கே சிங்கப்பூரில் மில்லிமோல் கணக்கு. அதை 18-ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கான மில்லிகிராம் வரும். 13.8-ஐப் பெருக்கினால் 248. மகள் அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பிறகு வேறு சுருதியில் ஆரம்பித்தது. "இருநூத்தி நாப்பத்தெட்டா! அவனுக்குத்தான் சர்க்கரையே கிடையாதே?"

எனக்குச் சர்க்கரை கிடையாது. ஐம்பத்தாறு வயதுவரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வீவக என்கிற அரசு அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் பாதியில் நின்றால், கதவு மூடாமல் அடம்பிடித்தால், ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் ராத்திரியில் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, தோ பாயோவில் ஒரு புளோக்கின் மோட்டார் ரூமில் வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தேன். சட்டையைப் பிழிந்தால் ஒரு குவளை தேறும். மோட்டார் ரூமில் வியர்க்காமல் குளிரவா செய்யும் என்று விட்டுவிட்டேன். தாடை கனத்தது. நெஞ்சுக்குழியில் ஈரத்துணியைச் சுருட்டி அடைத்த மாதிரி இருந்தது. வலி என்று சொல்ல வராது. ராத்திரி இரண்டு மணிக்குத் தின்ற முட்டை பரோட்டாவைத் திட்டிக்கொண்டே படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

என்னோடு வேலை செய்கிற மியான்மர் பையன், அண்ணனுக்குத் தெம்பு குறைந்துவிட்டது என்று நினைத்து ஒரு டின் குளிர்பானத்தை உடைத்து நீட்டினான். பாதி குடித்தேன். குடித்ததை அங்கேயே வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, 995-ஐ அழைத்துவிட்டான். நானாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போய் ஓமத் தண்ணி குடித்துவிட்டுப் படுத்திருப்பேன். இந்தப் பதிவும் வந்திருக்காது.

ஆம்புலன்ஸில் இசிஜி எடுத்த கையோடு விரல் நுனியில் ஒரு குத்து. அப்போது வந்த எண்தான் 13.8. மருத்துவமனையில் இறக்கியதும் ஒரு சின்ன வயது சீன டாக்டரம்மா குனிந்து, "அங்கிள், டயபெட்டிஸ் இருக்கா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன், அவ்வளவு உறுதியாக. அவர் என் முகத்தைப் பார்க்காமல் கருவியைப் பார்த்தார்.

வார்டில் இரண்டு நாள் எனக்கு வேறு வேலையே இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை விரலில் குத்துவார்கள். நடுவிரலின் ஓரம் என்றால் வலி குறைவு. இதை எனக்குச் சொல்லித்தந்தது திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ் பிள்ளை. துளி ரத்தத்தைத் துண்டுப்பட்டை உறிஞ்சும், கருவி ஐந்து நொடி யோசிக்கும், எண் வரும். 12.2. 11.5. இரண்டு தடவை பத்துக்கு மேல் வந்ததும் வயிற்றில் கொஞ்சம் இன்சுலின் ஏற்றினார்கள். அப்புறம் 9.6. மறுநாள் 8.9.

எனக்கு ஆத்திரம். எட்டு, ஒன்பதிலேயே விட்டுவிட்டார்களே! ஐந்துக்கு இறக்க வேண்டியதுதானே? மருந்து இல்லையா, மனசு இல்லையா? டாக்டரம்மா வந்தபோது கேட்டேவிட்டேன். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "பத்துக்குக் கீழே இருந்தால் எனக்குப் போதும் அங்கிள். நாலுக்குக் கீழே போனால்தான் எனக்குத் தூக்கம் வராது." சர்க்கரை திடீரென்று விழுந்தால் உடம்பு பதறி அட்ரினலினைக் கொட்டும், அடிபட்ட இதயம் அந்த நேரத்தில் தாளம் தப்பினால் ஆபத்து என்றார். தலையாட்டினேன். ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம் வேலைக்கு லீவு. இருபத்தெட்டு வருடம் ஓடிய ஆளை நாற்காலியில் உட்காரவைத்தால் என்ன செய்வான்? தொலைக்காட்சி அலுத்துவிட்டது. மகள் மருந்தாளுநர். "அந்த எண்ணைப் பத்தி ஏதாச்சும் படிக்கக் கொடும்மா" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன். நான்கு ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்து வந்து வைத்தாள். வைக்கும்போதே, "ராத்திரியில படிக்காதீங்கப்பா" என்றாள். ராத்திரியில்தான் படித்தேன்.

முதலில் கையில் கிடைத்தது 2005-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. மாரடைப்போடு வந்த 1,41,680 வயதானவர்கள். வந்தபோது அவர்கள் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, முப்பது நாளில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவர்களில், சர்க்கரை குறைவாக இருந்தவர்களில் 16 விழுக்காடு, 240-க்கு மேல் இருந்தவர்களில் 24 விழுக்காடு. சரி, எதிர்பார்த்ததுதான். சர்க்கரை நோயே இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில்? 110-க்குள் இருந்தவர்களில் 10 விழுக்காடு. 240-க்கு மேல் இருந்தவர்களில் 39.

நோயாளி என்று பெயர் எடுத்தவனைவிட, "எனக்கு ஒன்றும் இல்லை" என்று வந்தவன் அதே எண்ணில் அதிகமாகச் சாகிறான். நான் 248. சர்க்கரை இல்லாதவன். மணி இரண்டேகால். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். காலையில் மகளிடம் சொன்னபோது கோபப்பட்டாள். "அப்பா, அவங்க எல்லாரும் 65 தாண்டினவங்க. 1990-கள்ல சேர்ந்த ஆளுங்க. அப்ப எல்லாருக்குமா உடனே பலூன் விட்டாங்க? முப்பது நாளும்தான் போயிருச்சே உங்களுக்கு!" அன்று தேதி பார்த்தேன். முப்பத்திரண்டாம் நாள்.

ஏன் அப்படி என்பதை அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கினாள். மாரடைப்பு வரும்போது உடம்பு அதைப் போர் என்று நினைத்துக்கொள்கிறது. அட்ரினலினும் கார்டிசோலும் பாய்கின்றன. கல்லீரல் தன் கிடங்கைத் திறந்து சர்க்கரையைக் கொட்டுகிறது. இன்சுலினுடைய பேச்சை யாரும் கேட்பதில்லை. அடி பெரிதாக இருந்தால் கொட்டுவதும் அதிகம். ஆக அந்த எண் ஒரு பக்கம் அடியின் அளவைச் சொல்கிறது. இன்னொரு பக்கம், ஏறிய சர்க்கரை சும்மாவும் இருப்பதில்லை. ரத்தத் தட்டணுக்களைப் பிசுபிசுப்பாக்கும், அழற்சியைக் கூட்டும், பெரிய குழாயைத் திறந்துவிட்ட பிறகும் சின்னக் குழாய்களில் ரத்தம் சரியாகப் போகாமல் தடுக்கும். எது எவ்வளவு என்று பிரிப்பதில்தான் டாக்டர்களுக்குள் இத்தனை வருடச் சண்டை.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. லிஃப்ட் கண்ட்ரோலரில் ஃபால்ட் வந்தால் எண் காட்டும். ரீசெட் அடித்தால் எண் அழிந்துவிடும், லிஃப்ட் ஓடும், வீட்டுக்குப் போகலாம். கதவுப் பூட்டின் காண்டாக்ட் தேய்ந்திருந்தால் மறுபடி எட்டாவது மாடியில் ஒரு பாட்டியம்மா மாட்டிக்கொண்டு மணி அடிப்பார். புதிதாகச் சேர்ந்த பையன்கள் எல்லாரும் ரீசெட்காரர்கள்தான். நானும் அப்படி இருந்தவன்தான்.

அப்படியானால் சர்க்கரையை அடித்து இறக்கினால் பிழைப்பார்களா? இதைத்தான் ஸ்வீடனில் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டிகாமி என்று பெயர், 1995-ல் முடிவு வந்தது. மாரடைப்பு வந்த 620 பேர். ஒரு பகுதியினருக்கு முதல் நாளிலிருந்தே குளுக்கோஸோடு இன்சுலினை நரம்பில் ஏற்றி, பிறகு மாதக்கணக்கில் தினம் பலமுறை இன்சுலின் ஊசி. ஒரு வருடத்தில் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சையில் 26.1 விழுக்காடு, இன்சுலின் பக்கம் 18.6. இதைப் படித்ததும் "பார்த்தியா!" என்று மேசையைத் தட்டினேன். மகள் அடுத்த தாளை நகர்த்தினாள். பத்து வருடம் கழித்து, 2005-ல், அதே ஆய்வாளர்கள் 1,253 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். வித்தியாசமே இல்லை. அதே வருடம் இந்தியா உள்பட பல நாடுகளில் 20,201 மாரடைப்பு நோயாளிகளை வைத்து இன்சுலின், குளுக்கோஸ், பொட்டாசியம் மூன்றையும் கலந்து ஏற்றிப் பார்த்த ஆய்விலும் பலன் பூஜ்யம்.

2009-ல் வந்த நைஸ் ஷுகர் ஆய்வு என் வாயை அடைத்தது. அது மாரடைப்புக்காரர்களை மட்டும் வைத்துச் செய்ததில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த எல்லா வகை நோயாளிகளும், ஆறாயிரத்துக்கும் மேல். ஒரு பாதிக்கு நான் ஆசைப்பட்ட மாதிரியே 4.5-லிருந்து 6-க்குள் கொண்டுவந்தார்கள். மறுபாதியைப் பத்துக்குள் விட்டார்கள். தொண்ணூறு நாளில், இறுக்கிப்பிடித்து இறக்கிய பக்கம் 27.5 விழுக்காடு இறந்திருக்கிறார்கள். விட்டுப்பிடித்த பக்கம் 24.9. சர்க்கரை அபாயமாக விழுந்தது அங்கே 6.8 விழுக்காடு பேருக்கு, இங்கே 0.5.

டாக்டரம்மாவை மனசுக்குள் திட்டியதற்கு அன்றைக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் மனசுக்குள்தான்.

இதோடு முடித்திருந்தால் நிம்மதி. பயத்தில் ஏறியது, தானாக இறங்கியது, இறக்குகிறேன் என்று போனாலும் ஆபத்து, ஆளை விடு. அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். "டென்ஷன்ல ஏறினதுக்கா. இறங்கிருச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "உங்க அத்தானுக்கும் இதைத்தான்டா சொன்னாங்க" என்றது அக்கா.

2011-ல் அத்தானுக்கு மாரடைப்பு. ஊர்ப்பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, எது என்பது இப்போது முக்கியமில்லை. நான் அப்போது பத்து நாள் லீவில் போயிருந்தேன். சேர்த்தபோது சர்க்கரை 264. "டென்ஷன்ல ஏறினது, சரியாப் போயிடும்" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. நல்ல செய்தி மாதிரிதான் இருந்தது. நான்தான் வீட்டில் எல்லாரிடமும் போய் அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் அத்தானுக்குச் சர்க்கரை பார்க்கவில்லை. அவரும் காப்பியில் சீனியைக் குறைக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, செருப்பு கடித்த புண் ஆறாமல் போனபோது பார்த்தார்கள். இடது காலில் இரண்டு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. அவர் இப்போதும் திண்ணையில் உட்கார்ந்து அந்தக் காலைத் துண்டால் மூடிக்கொண்டுதான் பேசுவார்.

மகள் வைத்த தாள்களில் நான் கடைசியாகத் தொட்டது மிகச் சின்னது, 181 பேர்தான். அதுவும் ஸ்வீடன், 2002. மாரடைப்பு வந்த, சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரியாத ஆட்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். 31 விழுக்காடு பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 35 விழுக்காடு அதன் வாசலில் நின்றார்கள். மூன்று மாதம் கழித்து, பயமெல்லாம் தெளிந்த பிறகு, மறுபடி பார்த்தார்கள். அப்போதும் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு அதே கதை. பயம் போய்விட்டது, சர்க்கரை போகவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரம்மா மருத்துவமனைக் கோப்பை எடுத்துவந்து என் மடியில் போட்டார். மருந்துச் சீட்டுக்கும் பில்லுக்கும் நடுவில் இரண்டாக மடித்த கடிதம், நான் மடித்ததுதான். எச்பிஏ1சி 6.8, பலதுறை மருந்தகத்தில் (அரசு கிளினிக்) வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கவும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஏழு வாரமாக அது மடிப்புக்குள்ளேயே கிடந்திருக்கிறது. "இதை யாருக்குன்னு எழுதிருக்காங்க? எனக்கா?" என்றார். பதில் சொல்லவில்லை.

எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி. அந்த ஒரு ராத்திரியின் கூத்தெல்லாம் அதில் ஏறாது. இங்கே 6-க்குள் இருந்தால் பிரச்சினை இல்லை, 7-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று எழுதிவிடுவார்கள். நடுவில் இருந்தால் வெறும் வயிற்றில் பார்த்துத்தான் முடிவு. நான் சரியாக நடுவில், ஏழின் தோளில் சாய்ந்துகொண்டு. மகள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். 6.8 என்றால் அந்த மூன்று மாதமும் என் சர்க்கரை சராசரியாக 8.2-ல் ஓடியிருக்கிறது. அன்றைக்கு 13.8. ஒன்றரை மடங்குக்கும் மேல். இப்படி, வழக்கமான அளவைவிட அன்று எத்தனை மடங்கு ஏறியது என்று வகுத்துப் பார்க்கிற பழக்கம் இப்போது ஆய்வுகளில் வந்திருக்கிறதாம். நான் எனக்குப் புரிகிற மாதிரி கழித்துப் பார்த்தேன். 13.8-ல் ஐந்தரைக்கு மேல் அந்தப் படிக்கட்டில் ஏறியது. மீதி எட்டு புள்ளி சொச்சம் நான் வீட்டிலிருந்தே கொண்டுபோனது. பாதி டின் குளிர்பானத்தையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று இழுத்தேன். "வாந்தி எடுத்தீங்களேப்பா" என்றாள்.

கொண்டுபோன கதையும் எனக்குத் தெரியாததில்லை. 2021-ல் கம்பெனிப் பரிசோதனையில் "பார்டர்லைன்" என்றார்கள். பார்டர் என்றால் இந்தப் பக்கம்தானே என்று எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டில் 2016-லேயே நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அமைச்சர் அறிவித்தார். இந்தியர்களுக்கு அதிகம் வருகிறது என்று வானொலியில், எம்ஆர்டி ரயிலில், பலதுறை மருந்தகச் சுவரில் என்று சொல்லாத இடம் இல்லை. 2023 கடைசியிலிருந்து கடையில் கலந்து கொடுக்கிற பானத்துக்கும் இனிப்புக்குத் தக்கபடி ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட ஆரம்பித்தார்கள். நான் அந்த எழுத்துக்கு நேர் கீழே நின்று தே தாரேக், அதாவது டின்பால் விட்டு ஆற்றிய டீ, வாங்கியிருக்கிறேன். ராத்திரி ஷிஃப்டில் நாலு குவளை. வாடிப்போன உடம்புக்கு டின்பால் இனிப்பு எப்படி இறங்கும் என்று ராத்திரி வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது தே ஓ கோசோங். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது. புளோக்குக் கீழே கோப்பிக் கடையில் முதல்நாள் கேட்டபோது கடைக்காரர் காது கேட்காத மாதிரி, "தே?" என்றார். "தே ஓ கோசோங்" என்றேன். டின்பால் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு நொடி இரண்டு பேரும் அந்தக் கரண்டியைப் பார்த்தோம். ஒழுகப் போன பாலை டின் விளிம்பில் வழித்துவிட்டுத் திரும்ப வைத்தார். காசு குறைத்து வாங்கிக்கொண்டார், ஒன்றும் கேட்கவில்லை. கசாயம் மாதிரி இருக்கிறது என்று எழுதினால் வீட்டுக்காரம்மா படிப்பார். நன்றாக இருக்கிறது.

அத்தானிடமும் பேசினேன். 2011-ன் டிஸ்சார்ஜ் தாளை அக்கா டிரங்குப் பெட்டிக்குள் எங்கோ பத்திரமாக வைத்திருந்தது. போனில் எழுத்துக் கூட்டிப் படித்தது. 264-ஐ 18-ஆல் வகுத்தேன், 14.7. அந்தத் தாளிலும் கீழே ஒரு வரி இருக்கிறதா, மறுபடி சர்க்கரை பார்க்கச் சொல்லி ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டேன். தாளைத் திருப்பிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "இல்லடா தம்பி. மாத்திரை பேருதான் இருக்கு."

நாளைக் காலை எட்டு பத்துக்கு அங் மோ கியோவில் எனக்கு ரத்தப் பரிசோதனை. ராத்திரி பத்துக்கு மேல் தண்ணீர் மட்டும்தான். இப்போது மணி ஒன்பது ஐம்பது. சமையலறையில் ஒரு வாழைப்பழம் இருக்கிறது, வீட்டுக்காரம்மா அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.